சந்தி வரை பதினான்கு நிமிடம்

முனுசாமி அங்கிள் வியாழக்கிழமை விடியற்காலையில் இறந்தார். ஆறரை மணிக்கு அவர் மனைவி சந்திரிகா ஆண்ட்டி எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டினார். டத்தோ கிராமாட் சாலையிலிருந்து உள்ளே வரும் ஒரே குறுந்தெருவில், லோரோங்கில்தான் இரண்டு வீடுகளும். நடுவில் நான்கு வீடுகள்.

அப்பா சவ வேன் ஓட்டுகிறார். அதனால் எங்கள் கேட்டை அந்த நேரத்தில் யாராவது தட்டினால் எதற்கென்று கேட்க வேண்டியதில்லை.

"அண்ணே, நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கணும். உங்க வண்டிதான்."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணுண்ணே. மெதுவா ஓட்டுங்க. பொம்பளைங்க சந்தியைத் தாண்டக் கூடாதுன்னு பெரியவங்க இப்பவே சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் நான் வண்டியப் புடிச்சுக்கிட்டே நடந்து வரேன். என் முட்டி சங்கதி உங்களுக்குத் தெரியும்ல."

"உங்க நடைக்குத்தான் வரும். நீங்க போய் ஆக வேண்டியதப் பாருங்க."

ஆண்ட்டி போனதும் அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "காலையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் சாந்தினி. ஆகல" என்றார்.

அந்த வேன் என்னைவிட ஆறு வயது மூத்தது. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். இரண்டு மாதமாக அதற்கு ஒரே வியாதி. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. எப்படியோ பிடித்துவிட்டால் ஐடலிங்கில், ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். ஆக்சிலேட்டரை மிதித்து வேகமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மற்ற வண்டிகளுக்கு இது பெரிய தொல்லை இல்லை. சவ வேனின் வேலையே மெதுவாகப் போவதுதான்.

மூன்று வாரத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வீட்டு வாசலில் அது கிளம்பவே இல்லை. அந்தக் குடும்பம் வேறு வேனை வரவழைத்தது. வெயில் ஏறி எஞ்சின் பிடித்த பிறகு அப்பா வெறும் வண்டியோடு கடற்பாலம் தாண்டித் திரும்பி வந்தார். இரண்டு நாள் எங்கள் யாரிடமும் பேசவில்லை.

ஹைதர் அங்கிள்தான் அப்பாவுக்கு எப்போதும் போமென். பட்டறைக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் நான்கு ப்ளக்கையும் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் மதியம் அவர் பட்டறையில் வேன் அழகாக ஓடியது. மறுநாள் காலை எங்கள் வாசலில் மறுபடியும் அதே கதை.

நான் வேதியியல் படித்தவள். பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் ஆய்வகங்களுக்கு விண்ணப்பம் போடுகிறேன். நேர்முகத் தேர்வில் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் என் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லை. வீட்டில் நேரம் இருந்தது. புக்கிட் மெர்தாஜாமுக்குப் பிறகு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எந்த நாள், எத்தனை மணி, மழையா வெயிலா, காற்றில் ஈரம் எத்தனை சதவீதம், ஸ்டார்ட் ஆனதா, ஐடலிங்கில் எவ்வளவு நேரம் நின்றது. ஈரத்தின் அளவைக் கைத்தொலைபேசியே சொல்லும்.

வியாழன் காலை அந்த நோட்டை மறுபடி பார்த்தேன். மொத்தம் பதினொரு முறை ஸ்டார்ட் ஆகவில்லை. பதினொன்றும் காலை பத்து மணிக்கு முன், அல்லது மழைக்குப் பின். ஈரம் எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கிய எந்த நேரத்திலும் வேன் மக்கர் பண்ணவில்லை.

எழுபத்தைந்து எனக்குத் தெரிந்த எண். காற்றின் ஈரம் அதற்கு மேல் போனால் சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும்.

மதியம் வேன் ஸ்டார்ட் ஆனதும் அப்பாவோடு நானும் பட்டறைக்குப் போனேன். ஹைதர் அங்கிள் எங்களைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மறுபடியுமா? அண்ணே, இந்த வண்டி என்னைக் கண்டாத்தான் ஒழுங்கா நடந்துக்குது. பேசாம என்னையே உங்க வாசல்ல கட்டிப் போட்டுருங்க."

அப்பா சிரிக்கவில்லை. முனுசாமி அங்கிள் விஷயத்தைச் சொன்னார். ஹைதர் அங்கிளும் அவரை அறிவார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள்," என்றேன். "டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டிப் பாக்கலாமா?"

"என்னம்மா?"

இன்னொரு முறை சொன்னேன்.

"பாத்தீங்களாண்ணே, டாக்டர் வந்துட்டாங்க."

"டாக்டர் இல்ல அங்கிள். கெமிஸ்ட்ரி."

"அப்ப மருந்துக்கடை. சரி லா, கழட்டுவோம்."

இருக்கையைத் தூக்கினார். நான்கு ப்ளக்குகளுக்கும் நெருப்பைப் பங்கிட்டு அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர்தான். அதன் மூடி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம். ஹைதர் அங்கிள் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஓரமெல்லாம் மஞ்சள் கறை. செம்பு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கீறியது போல் மெல்லிய கரிக்கோடுகள்.

ஆய்வகத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. மூடியின் ஓரத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தேன். உப்பு.

"நெருப்பு ப்ளக்குக்குப் போகாம இந்தக் கோட்டு வழியா ஓடிடுது," என்றேன். "வேகமா ஓட்டும்போது எப்படியோ தப்பிச்சுக்குது. ஸ்லோவா இருந்தா நின்னுடுது. வெயில் வந்தா காஞ்சுடும், அதனால உங்க கண்ணுல படல."

ஹைதர் அங்கிள் அப்பாவைப் பார்த்தார். "மஞ்சத் தண்ணி எப்படிண்ணே இங்க வந்துச்சு?"

அப்பா மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அப்பா வேனை மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரால் கழுவுவார். பின்பக்கக் கதவைத் திறந்து இரண்டு பக்கெட்டை உள்ளே வீசி ஊற்றுவார். எங்கள் வாசல் சரிவானது. வேனின் முகம் பள்ளத்தைப் பார்த்து நிற்கும். தண்ணீர் முன்னால் ஓடி இருக்கைக்கு அடியில் இறங்கும். இத்தனை வருடமாக அப்படித்தான். முன்பு இருக்கைக்கு அடியில் ஒரு ரப்பர் விளிம்பு இருந்திருக்கிறது. அது இற்றுப் போய்விட்டது.

"கழுவாம எப்படி விடுறது?" என்றார் அப்பா கடைசியில்.

"கழுவுங்கண்ணே. யாரு வேணாங்கறா. துணியால தொடைங்க. பக்கெட்டோட தூக்கி ஊத்துனா எஞ்சினும் சேந்து தலை முழுகுது லா."

புது மூடிக்கு ஹைதர் அங்கிள் நான்கு கடைகளுக்குப் போன் பண்ணினார். இவ்வளவு பழைய வண்டிக்கு யாரிடமும் இல்லை. நாலாவது கடைக்காரர் திங்கட்கிழமை வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் கேட்டது வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு.

இருப்பதைச் சரிபண்ணினோம். மூடியைச் சுடுதண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் வைத்தோம். ஹைதர் அங்கிள் கரிக்கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். தேய்த்த இடம் மறுபடி ஈரம் பிடிக்காமல் இருக்க மேலே ஏதாவது பூச வேண்டும். நகப்பூச்சு போதும் என்று எங்கோ படித்திருந்தேன். ஹைதர் அங்கிள் மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"ஃபரா! உன் நகத்துல பூசற அதக் கொண்டா!"

அவர் மகள் ஃபரா மூன்று புட்டிகளோடு இறங்கி வந்தாள். "யாருக்குப் பா?"

"உங்கப்பனுக்கு. குடு இப்படி."

இரண்டில் மினுமினுப்பு இருந்தது. அது ஆகாது, அந்தத் துகளில் உலோகம் இருக்கலாம் என்றேன். மூன்றாவது சாதா ரோஸ். கிண்ணத்தின் உள்பக்கம் முழுக்க அதைப் பூசினேன். என் நகத்தில்கூட நான் அவ்வளவு கவனமாகப் பூசியதில்லை.

மூடியை மாட்டியதும் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. ஐடலிங் சீராக நின்றது. ஹைதர் அங்கிள் கையைத் தட்டினார். அப்பா முதல் முறையாக உட்கார்ந்தார். தே தாரேக் வந்தது. நாங்கள் குடித்து முடிக்கும்போது வேன் குலுங்க ஆரம்பித்தது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டோம். நான் நேரம் பார்த்தேன். பதினான்கு நிமிடம். மூன்றாவது முறையும் பதினான்கு. மூடியைக் கழற்றித் தேடினபோதுதான் தெரிந்தது, முடி அளவுக்கு ஒரு விரிசல். எஞ்சின் சூடேறினால் அது விரிகிறது. அதற்குப் பூச்சு எதுவும் நிற்காது.

"ஐடலிங்கக் கொஞ்சம் ஏத்தி வெச்சா?" என்றார் அப்பா.

ஹைதர் அங்கிள் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பினார். அப்பா முதல் கியரில் போட, நான் வேனுக்குப் பின்னால் நடந்து பார்த்தேன். எனக்கே எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது. சந்திரிகா ஆண்ட்டியால் முடியாது.

"கிளட்ச்ச பாதி புடிச்சு ஓட்டறேன்."

"அண்ணே, அந்த ப்ளேட்டு தேஞ்சு வெத்தலை மாதிரி இருக்கு. பாதி ரோட்டுலயே பொகை வந்துரும்." ஹைதர் அங்கிள் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே திருப்பினார். "வேற வண்டிய வரச் சொல்லலாமே. தப்பில்லையே."

"அவங்க என் வண்டின்னு கேட்டுட்டாங்க," என்றார் அப்பா.

அன்று மாலை முனுசாமி அங்கிள் வீட்டிலிருந்து சந்திவரை நடந்து அளந்தேன். நூற்றெண்பது மீட்டர். ஆண்ட்டி கடைக்குப் போகும் வேகத்தைப் பல நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டால் ஒன்பது நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சம். சந்தியைத் தாண்டி வண்டி வேகம் எடுத்துவிட்டால் பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாடுவரை கவலை இல்லை.

"அப்பா, பெட்டிய ஏத்திக் கதவ மூடினதுக்கப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். முன்னாடியே பண்ணக் கூடாது."

"அந்த நேரத்துல ஸ்டார்ட் ஆகலன்னா?"

"ஆகும் பா."

"நிச்சயமா?"

"தொண்ணூறு சதவீதம்."

அப்பா தலையாட்டினார். நூறு என்று சொல்லியிருக்க வேண்டும். அது பொய்யாக இருந்திருக்கும். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஒரு மழை பெய்து விட்டது. ஒன்றரைக்கு அப்பா வேனைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். காலையில் மூடியை மறுபடி துடைத்து உலர்த்தியிருந்தேன். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை. எல்லாம் சொன்னபடி நடந்தது. நான் உள்ளே போய்ப் பெண்களோடு நின்றேன்.

ஆண்ட்டி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்திருந்தார். முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். அதைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார்.

தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் வெளியே எஞ்சின் சத்தம் கேட்டது.

தொலைபேசியைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்திரண்டு.

அப்பா பயந்துவிட்டார். நான் சொன்ன தொண்ணூறு போக மிச்சமிருந்த பத்தை நினைத்து, எல்லார் முன்னாலும் சாவியைத் திருப்பி அது பிடிக்காமல் போவதை நினைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டார்.

பெட்டியை மூடப் போனார்கள். அப்போது ஈப்போவிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. முனுசாமி அங்கிளின் அக்கா. பெட்டியைத் திறந்தே வைத்தார்கள். அந்த அம்மாள் அவர் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. எப்படி அவசரப்படுத்துவது. ஒன்று ஐம்பத்தாறு.

அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'ஆஃப் பண்ணுங்க.' போய்ச் சேர்ந்தது. அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அணைத்திருப்பாரா என்று தெரியாது. சூடான எஞ்சினை அணைத்தால் உடனே பிடிக்குமா என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. அதை நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

வாசலுக்குப் போனேன். வாசல் நிறைய ஆண்கள். வேன் அவர்களுக்கு அப்பால் நின்றது. அப்பா தெரு பக்கத்து ஜன்னலோரம் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "அப்பா" என்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கூடத் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டிருக்கலாம். சாவு வீட்டு வாசலில், அத்தனை பேர் நடுவில், என் வாய் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பெட்டி வந்துவிட்டது.

இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு வேன் நகர்ந்தது. ஒன்பது நிமிடம் ஏற்கனவே போய்விட்டது.

மகன் யுகேந்திரன் உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தான். ஆண்ட்டி பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தார். ஆண்களும் பெண்களும் பின்னால் வந்தார்கள். வேன் அவர் நடைக்குத்தான் போனது. அப்பா சொன்னபடியே. ஆண்ட்டி இடது காலை வைத்து, நின்று, வலது காலை இழுத்து வைக்கும்வரை காத்திருந்ததுபோல் போனது. நான் ஓரமாக நடந்து ஓட்டுநர் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தேன்.

சீனக் கோயில் சுவரைத் தாண்டும்போது எஞ்சின் ஒரு முறை தும்மியது. அப்பா என்னைப் பார்த்தார். உதட்டுக்கு மேல் வியர்வை.

"என்னம்மா?"

"நிக்கப் போகுதுப்பா."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

சந்திக்கு இன்னும் எண்பது மீட்டராவது இருந்தது.

"நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகுமா?"

"அரை மணி நேரம் ஆறணும்."

மூன்று மணிக்குச் சுடுகாட்டில் நேரம் கொடுத்திருந்தார்கள். வேன் குலுங்கியது. அப்பா பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். கைப்பிடியில் ஆண்ட்டியின் கை தெரிந்தது. முகம் தெரியவில்லை. வேகமாக ஓடினால் இந்த எஞ்சின் நிற்காது. மூன்று வாரத்தில் நான் கண்டுபிடித்ததில் பிசகாத ஒரே உண்மை அதுதான்.

"சொல்லும்மா," என்றார் அப்பா.

"போங்கப்பா," என்றேன்.

அவர் மிதித்தார். எஞ்சின் சட்டென்று தெளிந்து, ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது. வேன் முன்னால் போனது. சந்தியில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா இடது பக்கம் திரும்பி மறைந்தார்.

பின்னால் யாரோ "டேய், டேய்" என்றார்கள். ஆண்கள் கார்களை நோக்கி ஓடினார்கள். முனுசாமி அங்கிளின் தம்பி கோகிலன் மட்டும் என்னிடம் வந்தார்.

"என்ன சாந்தினி இது? உங்கப்பாவுக்கு அப்படி என்ன அவசரம்?"

"காடி நின்னுடும் அங்கிள். ஸ்லோவா போனா எஞ்சின் நின்னுடும். அதான்."

"நின்னா நிக்கட்டுமே." அவர் கோபமாகப் பேசவில்லை. புரியாமல்தான் கேட்டார். "நாங்க இருபது பேரு சும்மாதானே நடந்து வரோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தள்ளிக்கிட்டே போயிருப்போம்ல."

அவரை யாரோ கூப்பிட்டார்கள். ஓடினார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. ஹைதர் அங்கிளுக்கும். மூன்று பேரும் இரண்டு நாளாக எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆண்ட்டி நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்த கை இன்னும் முன்னால் நீண்டிருந்தது. மற்றப் பெண்கள் அவரைச் சுற்றி வந்து, வீட்டுக்குப் போகலாம், தலை முழுக வேண்டும் என்றார்கள். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை. என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். மூடி, விரிசல், ஈரம், பதினான்கு நிமிடம். ஒன்றும் வரவில்லை.

"சந்தி வரைக்கும்தானே வரலாம்னாங்க," என்றார். "வா."

நீட்டிய கையை என் தோளில் வைத்துக்கொண்டார். கனமான கை. நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். ஆண்களின் கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின.

சந்தியில் விளக்கு சிவப்பாக இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒரு பேருந்து நின்றது. ஆண்ட்டி நடைபாதை விளிம்பில் மூச்சு வாங்க நின்றார்.

"எந்தப் பக்கம் போனாரு?"

இடது பக்கம் கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.